ஒன்பது படிவங்கள், ஒரே வாக்கியம்

ஜூன் 9

அன்புள்ள அக்கா,

இங்கே நாங்கள் மூவரும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். அத்தானின் இடுப்பு எப்படி இருக்கிறது? பாலம் கட்டுகிற இடத்தில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார் என்று கேட்ட அன்று நின்ற மூச்சு, நீ போய்ச் சேர்ந்து எழுதிய முதல் வரியில்தான் எனக்குத் திரும்பி வந்தது. போன் எடுக்காத ஊரில் போய் உட்கார்ந்துகொண்டாய். இனித் தபால்காரரைப் பார்த்துத்தான் எங்கள் பொழுது போக வேண்டும்.

போன வருஷம் ஒன்றாம் வகுப்பில் நீ வைத்திருந்த அதே பிள்ளைகள்தான் இப்போது உன் இரண்டாம் வகுப்பில், பதிலி டீச்சர் பார்த்துக்கொள்கிறார். நல்ல பெண். சிட்டு முதல் நாள் வந்ததும், "அவங்க டீச்சர் பெரியம்மா இல்ல, வெறும் டீச்சர்" என்று சொல்லிவிட்டாள்.

தெருவெல்லாம் இப்போது ஒரே பேச்சு. இந்த வருஷத்திலிருந்து பிள்ளையை எந்தப் பள்ளிக்கு வேண்டுமானாலும் மாற்றலாமாம். கல்வி அலுவலகச் சுவரில் பள்ளிகளின் பட்டியலை ஒட்டி, பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கு ஐந்து. உன் பள்ளிக்கு இரண்டு. எதிர்வீட்டுத் தையல்காரம்மா, "ரெண்டு நட்சத்திரம்னா ராத்தங்க லாட்ஜுக்கே யோசிப்போம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து சிட்டுவைப் படிக்கச் சொன்னேன். இரண்டாவது வரியில் நின்றுவிட்டாள். அவளுக்கு ஏழு வயசு முடியப் போகிறது. மருந்துக்கடைக்காரர் மகள் செய்தித்தாள் படிக்கிறாளாம். எல்லோரும் ஏறிப் போன பிறகு என் பிள்ளை மட்டும் நிறுத்தத்தில் நிற்பது போல எனக்கு ஒரு பயம். நீ என்ன சொல்கிறாய்?

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
தங்கை

ஜூன் 21

என் செல்லத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. அத்தான் மாவுக்கட்டோடு படுத்தபடியே வார்டு முழுக்க வேலை வாங்குகிறார். பக்கத்துக் கட்டில்காரரின் காலைக் கட்டித் தொங்கவிட்ட கயிறு கோணலாக இருக்கிறது என்று நேற்று நர்சிடம் சண்டை. உயிர் பிழைத்ததற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம். எழுந்து நடக்க ஐந்து மாதமாகும் என்கிறார்கள்.

சிட்டு விஷயத்துக்கு வருகிறேன். அவள் மந்தமில்லை. எழுத்தைப் பார்ப்பதற்கு முன்னால் படத்தைப் பார்க்கிறாள். படத்திலேயே கதை கிடைத்துவிடுகிறது. பிறகு எழுத்து எதற்கு என்று விட்டுவிடுகிறாள். இப்படிப்பட்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு வருஷம் பொறு. திடீரென்று ஒரு நாள் ஓடுவாள், நீ பிடிக்க முடியாது.

நட்சத்திரத்தைப் பற்றி நான் என்ன சொன்னாலும் சொந்தக் கடைக்கு விளம்பரம் போல இருக்கும். ஆனாலும் உன்னிடம் மறைப்பதில் அர்த்தமில்லை. இரண்டாம் வகுப்பில் இரண்டு பிரிவும் சேர்த்து நாற்பத்தாறு பிள்ளைகள். ஜூலை கடைசியில் தலையெண்ணுவார்கள். நாற்பதுக்குக் கீழே போனால் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு ஒரு டீச்சரை எடுத்துவிடுவார்கள். விடுப்பில் இருக்கிற என்னைத்தான் எடுப்பார்கள். இதை உன்னைக் கட்டிப்போடச் சொல்லவில்லை. உன் பிள்ளை, உன் முடிவு. நீ மாற்றினால் நான் முகம் திருப்ப மாட்டேன்.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், காது பழையபடிதான். இடது பக்கம் சுத்தமாக விழுவதில்லை. ஜனவரியில் கருவி வாங்கிக்கொள்வேன். அதுவரை இது நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும். அத்தானுக்குக்கூடத் தெரியாது, அவர் பேசுவதை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அதுவும் நல்லதுதான்.

சிட்டுவின் இரண்டு கன்னத்துக்கும் முத்தம்.
அக்கா

ஜூலை 2
(தபாலில் சேர்க்காதது)

அக்கா,

நலம் விசாரிக்கிற தகுதி இன்றைக்கு எனக்கு இல்லை. நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

காலையில் கல்வி அலுவலகத்துக்குப் போனேன். நீண்ட வரிசை. மாற்றல் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம். 'நல்ல பள்ளி வேண்டும்' என்று எழுதி நீட்டினேன். ஜன்னலுக்குள் இருந்த குமாஸ்தா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நட்சத்திரம் வேணும்னு எல்லாரும்தாம்மா எழுதறாங்க. இது போய்க் கடைசில நிக்கும். டீச்சர் மேல குறைன்னா தனி வரிசை. பத்து நாள்ல இடம் கெடச்சிரும்."

"குறை ஒண்ணும் இல்லியே" என்றேன்.

"அப்ப அங்கயே படிக்கட்டும்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். பொய் எழுதக் கூடாது என்று எனக்குள் ஒரு வீம்பு. பொய் இல்லாமல் ஒரு குறை தேடினேன். உன்னிடம் எனக்குத் தெரிந்த குறை ஒன்றே ஒன்றுதான். எழுதினேன்: 'பிள்ளை அருகில் நின்று கேட்டாலும் வகுப்பாசிரியருக்குக் காதில் விழுவதில்லை. கேட்கப்படாத கேள்விகளோடு என் குழந்தை போன வருஷம் முழுக்க வீடு திரும்பியது.'

முதல் பாதி நீ எனக்கு மட்டும் சொன்னது. இரண்டாவது பாதியை நான் சேர்த்தேன், அக்கா. அப்படி ஒரு நாளும் நடக்கவில்லை. வாக்கியம் முடியவில்லை என்று தோன்றியது, முடித்து வைத்தேன். கல்லூரியில் கட்டுரைப் போட்டிகளுக்கு எழுதிய கை.

இதோடு நின்றிருந்தால்கூட நான் ஒருத்தி செய்த பாவம். பக்கத்தில் தையல்காரம்மா எட்டிப் பார்த்து, "எனக்கு இப்படியெல்லாம் வராதும்மா, கொஞ்சம் குடு, பாத்து எளுதிக்கறேன்" என்றார். கொடுத்தேன். அவரிடமிருந்து மருந்துக்கடைக்காரர் மனைவி. அப்புறம் யார் யாரோ. படிவம் என் கைக்குத் திரும்பி வந்தபோது ஓரமெல்லாம் கசங்கியிருந்தது. என்னோடு ஒன்பது பேர். ஒன்பதும் உன் பிரிவுப் பிள்ளைகள்.

"எளுதினா இப்படி எளுதணும்" என்று தையல்காரம்மா என் தோளைத் தட்டினார். அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாக இருந்தது. எனக்கு இப்போது தாங்காதது அதுதான்.

ஜூலை 5

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் சுகம். அத்தான் கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போட்டு உட்காருகிறாரா? அவசரப்படுத்த வேண்டாம்.

ஒரு செய்தி. சிட்டுவை ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். இவர் வேலைக்குப் போகிற வழி. பேருந்தில் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவார். வேறொன்றுமில்லை. நீ தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும்.

மழைக்காலம் வருகிறது. ஆஸ்பத்திரித் தரையில் படுக்காதே.

தங்கை

ஜூலை 17

என் செல்லத் தங்கச்சிக்கு,

எழுதியதில் சந்தோஷம். பேருந்து வசதி நல்ல காரணம்தான். சிட்டு புது இடத்தில் நாலு நாள் பேசாமல் இருப்பாள், பதறாதே. பையில் ஒரு படப் புத்தகம் இருக்கட்டும். டீச்சர் யாரானாலும் போய் ஒரு வார்த்தை சொல்லிவை: அவளைச் சத்தமாகப் படிக்கச் சொல்வதற்கு முன்னால் ஒரு முறை தனியாகப் பார்த்துக்கொள்ள விட வேண்டும்.

ஒருத்தி போனால் நாற்பத்தைந்து. ஒன்றும் குடிமுழுகிவிடாது. நீ ஏன் மூன்று வரியில் கடிதத்தை முடித்தாய்? கை வலியா? உடம்பைப் பார்த்துக்கொள். அத்தான் உட்காருகிறார். உட்கார்ந்துகொண்டு இன்னும் அதிகமாக அதிகாரம் செய்கிறார்.

அக்கா

ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறாயா? ஒரு மாதமாக உன்னிடமிருந்து எழுத்து இல்லை. மலைப்பாதையில் தபால் வண்டி நின்றுவிட்டதா? அத்தானுக்கு ஏதும் இல்லையே?

புதுப் பள்ளி பளபளவென்று இருக்கிறது. நடைவழியில் முகம் தெரிகிற தரை. வெள்ளிக்கிழமை தோறும் பரீட்சை. வகுப்பு வாசலில் பிள்ளைகளின் பெயர்களை மூன்று நிறத்தில் ஒட்டியிருக்கிறார்கள்: பச்சை, மஞ்சள், சாம்பல். சிட்டு சாம்பலில் இருக்கிறாள். அது யானை நிறம் என்று அவளுக்கு ஆரம்பத்தில் சந்தோஷம். இரண்டு வாரம் கழித்து அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

படம் வரைகிற மணியையும் பாட்டு மணியையும், எல்லாப் பள்ளிக்கும் சேர்த்து நடத்துகிற பொதுத்தேர்வு வரை நிறுத்திவிட்டார்கள். நீ சொன்னதை டீச்சரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் பாவம், கையில் அட்டவணை வைத்துக்கொண்டு நின்றபடியே பேசினார். "தனியா பாக்கறதுக்கெல்லாம் எங்கம்மா நேரம்? ஒரு பக்கத்துக்கு நாலு நிமிஷம்தான். அடிப்படைய வீட்டுல போட்டு அனுப்புங்க." அவர்களுக்கும் நிறம் உண்டாம். டீச்சர்கள் அறையில் ஒட்டியிருக்கிறதாம்.

ஒரு வரியாவது எழுது.

தங்கை

செப்டம்பர் 4

அன்புள்ள அக்கா,

உன் பதில் வராமலே இதையும் எழுதுகிறேன். நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை.

உன் பள்ளியில் இரண்டு பிரிவையும் ஒன்றாக்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். முப்பத்தேழு பேர்தான் எஞ்சினார்களாம். அந்தப் பக்கம் போகவில்லை. கடைக்கு இப்போது சுற்றுவழியாகப் போகிறேன்.

இங்கே நடந்ததைச் சொல்ல எனக்கு வேறு யாருமில்லை. சென்ற வாரம் பொதுத்தேர்வு. நட்சத்திரம் இதை வைத்துத்தான் போடுவார்களாம். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பள்ளி அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். அங்கிருந்த அம்மாள் ஒரு சீட்டை நீட்டினார். விடுப்புக் கடிதம். அச்சடித்தது. 'காய்ச்சல் காரணமாக மூன்று நாட்கள்' வரை எல்லாம் இருந்தது. பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். "பாப்பாவுக்கு நல்லதுக்குத்தாம்மா. பரீட்சைன்னா பயந்துருவா. வீட்டுல நிம்மதியா இருக்கட்டும்." மேஜையில் அது போல ஒரு கட்டு இருந்தது. நம் தெருவிலிருந்து போன ஒன்பதில் சாம்பலில் இருக்கிற நாலு பேருக்கும் கொடுத்தார்களாம். ஐந்து நட்சத்திரம் எப்படி வருகிறது என்று எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகும் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போடாவிட்டால் அடுத்த வருஷம் இடம் இருக்காது என்று அவர் சொல்லவில்லை. நானாகவே நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை சிட்டு சீருடையோடு வந்து நின்றாள். இன்றைக்குப் போக வேண்டாம் என்றேன். "எனக்கு ஜுரமாம்மா?" என்று கேட்டாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. "லேசா இருக்கு" என்றேன். மூன்று நாளும் போர்வையை விட்டு வரவில்லை, அக்கா. தனக்கு ஜுரம் என்று நம்பிவிட்டாள்.

தங்கை

செப்டம்பர் 25

தங்கைக்கு,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. அத்தான் ஊன்றுகோலோடு பத்தடி நடக்கிறார். நான் நன்றாக இருக்கிறேன்.

சிட்டுவுக்கு ஜுரம் இல்லை என்று இன்றைக்கே சொல்லிவிடு. நாளைக்குத் தள்ளாதே.

பதில் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. ஜூலை கடைசியில் கல்வி அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. என் பேரில் ஒன்பது புகார். பெயரை மறைத்துவிட்டு நகல் அனுப்பியிருந்தார்கள். ஒன்பதிலும் ஒரே வாக்கியம். ஒருவர் எழுதி மற்றவர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்பது தெரிகிறது. அதைப் படித்த அத்தான், "நம்ம தெருவுல இவ்வளவு நல்லா எழுதறவங்க எத்தன பேரு இருக்காங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். வாக்கியம் அழகாகத்தான் இருந்தது.

விளக்கம் கேட்டிருந்தார்கள். காது விஷயம் உண்மை என்று எழுதினேன். மறுப்பதற்கு என்ன இருக்கிறது? குழந்தைகள் கண்டுபிடித்து வீட்டில் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. கேட்கப்படாத கேள்விகளைப் பற்றி மட்டும், ஒரே ஒரு கேள்வியையாவது எழுதிக் காட்டச் சொல்லுங்கள் என்று பதில் போட்டேன். அதற்கு யாரும் ஒன்றும் அனுப்பவில்லை.

இந்த ஆஸ்பத்திரியிலேயே காதைச் சோதித்து அறிக்கை வாங்கிக்கொண்டார்கள். இனி வகுப்பு வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. நவம்பரில் திரும்பியதும் கல்வி அலுவலகத்தின் பழைய பதிவேட்டு அறைக்குப் போக வேண்டும். பதிவேடுகள் கேள்வி கேட்காது. எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகும்.

ஓர் உதவி. வகுப்பில் என் அலமாரியை இந்த மாதத்துக்குள் காலி செய்து தரச் சொல்கிறார்கள். சாவி உன்னிடம் இருக்கிறது. எது என்னுடையது என்பது உனக்குத்தான் தெரியும். போய் எடுத்து வை.

அக்கா

அக்டோபர் 7

அன்புள்ள அக்கா,

இதை எழுத ஆறு தாளைக் கிழித்தேன். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். அது மட்டும் ஆறு தாளிலும் இருந்தது.

அலமாரியைக் காலி செய்துவிட்டேன். பழைய காலண்டர் அட்டையில் நீ வெட்டி வைத்த எழுத்துகள், துண்டுச் சாக்பீஸ் டப்பா, நனைந்து வருகிற பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த இரண்டு சட்டை, உன் செருப்பு. எல்லாம் என் வீட்டுப் பரணில் இருக்கிறது.

அந்த அறையில் இப்போது முப்பத்தேழு பேர். பெஞ்சுக்கு நாலு பேராக நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னொரு பிரிவு டீச்சர்தான் இப்போது இரண்டுக்கும், அவர் குரல் கம்மிப்போயிருக்கிறது. மேஜை நடுவில் இருக்கிறது. ஆனால் நோட்டைக் காட்ட வருகிற பிள்ளை ஒவ்வொன்றும் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கமாகவே வந்து நிற்கிறது. அந்தப் பக்கம் இடமே இல்லை, இடித்துக்கொள்கிறார்கள், இந்தப் பக்கம் காலியாகக் கிடக்கிறது. "ஏன்தான் எல்லாரும் அங்கயே வந்து நிக்கறீங்களோ" என்று அந்த டீச்சர் அலுத்துக்கொண்டார். அவருக்குத் தெரியவில்லை. முன்பல் இரண்டும் விழுந்த ஒரு பெண் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "டீச்சருக்கு ஜன்னல் பக்கம் நின்னாத்தான் கேக்கும். சிட்டு சொல்லிக் குடுத்தா. அவளுக்குத்தான் மொதல்ல தெரியும். வெளில சொல்லக் கூடாதுன்னா. டீச்சர் வெக்கப்படுவாங்களாம்."

அலமாரிக்குள் தலையை விட்டு மீதிச் சாமான்களை எடுத்துப் பையில் போட்டேன்.

என் பிள்ளைக்கு ஏழு வயது. போன வருஷம் முழுக்க அதை என்னிடம்கூடச் சொல்லவில்லை. நீ என்னிடம் சொன்னதை நான் ஓர் அரசாங்கப் படிவத்தில் எழுதினேன்.

அந்த வாக்கியம் என்னுடையது, அக்கா. நீ பார்த்ததும் கண்டுபிடித்திருப்பாய். எனக்கு நட்சத்திரம் வேண்டியிருந்தது. அதற்குக் காரணம் வேண்டியிருந்தது. கைக்கெட்டிய தூரத்தில் நீ இருந்தாய். பின்பாதி பொய். ஜூலை 2-ல் இதையெல்லாம் எழுதி, தபாலில் போடாமல் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன். அதையும் இதோடு அனுப்புகிறேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள அனுப்பவில்லை. அன்றைக்கே தெரிந்துதான் செய்தேன் என்பதற்கு அது சாட்சி.

நேற்றுக் கல்வி அலுவலகத்துக்குப் போய்ப் புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். அதே குமாஸ்தா. "டீச்சரே ஒத்துக்கிட்டாங்களேம்மா. இனிமே நீங்க வாபஸ் வாங்க என்ன இருக்கு?" என்றார். பின்பாதி பொய் என்று எழுதித் தருகிறேன் என்றேன். எழுதி வாங்கிக்கொண்டார். கோப்பில் வைப்பார்களாம். அதனால் எதுவும் மாறாது என்று அவரே சொன்னார். சிட்டுவைப் பழைய பள்ளிக்குத் திரும்ப அனுப்பவும் கேட்டேன். வருஷத்துக்கு ஒரு மாற்றல்தான். ஜூன் வரை பொறுக்க வேண்டும்.

தையல்காரம்மாவிடமும் மற்றவர்களிடமும் டீச்சர் என் அக்கா என்பது அவர்களுக்குத் தெரிந்ததுதானே என்று கேட்டேன். "தெரியும். சொந்தத் தங்கச்சியே எளுதறப்ப உண்மையாத்தான் இருக்கும்னு நெனச்சோம்" என்றார் தையல்காரம்மா.

சிட்டுவிடம் ஜுரம் இல்லை, அம்மா பொய் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். "ஏன்?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

தங்கை

நவம்பர் 3

தங்கைக்கு,

அத்தான் கோலில்லாமல் நடக்கிறார். பதினெட்டாம் தேதி வீட்டுக்கு வந்துவிடுவோம். வருவதற்கு முன்னால் ஜன்னல்களைத் திறந்து வைக்கச் சொல்லித் தையல்காரம்மாவுக்கு எழுதியிருக்கிறேன்.

உன் இரண்டு கடிதங்களையும் படித்தேன். ஜூலையில் எழுதியதைத்தான் அதிகம் படித்தேன். மன்னித்துவிட்டேன் என்று எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். வார்த்தை வருகிறது, அதற்குப் பின்னால் ஆள் வரவில்லை. உன்னைச் சமாதானப்படுத்துவதற்காக நானும் ஒரு வாக்கியத்தை முடித்து வைக்க விரும்பவில்லை. என்றைக்காவது வந்தால் எழுதுகிறேன். வராமலும் போகலாம்.

சிட்டு இழந்தது அரை வருஷம். அதை ஜூன் வரை போட்டு வைக்க முடியாது. பதிவேட்டு அறைக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. சனிக்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு அவளை என் வீட்டுக்கு அனுப்பு. பன்னிரண்டரைக்கு வந்து கூட்டிக்கொண்டு போகலாம். சாம்பல் பட்டியலில் இருக்கிற மற்ற மூன்று பிள்ளைகளின் அம்மாக்களிடமும் சொல். வந்தால் நாலு பேருக்கும் சேர்த்துச் சொல்லித் தருகிறேன். அவர்கள் என் பேரில் எழுதியதைப் பற்றி நான் பேச மாட்டேன் என்று சொல். பயப்படாமல் அனுப்பட்டும்.

பரணில் இருக்கிற எழுத்து அட்டைகளைச் சிட்டுவிடம் கொடுத்தனுப்பு.

நீ வாசல்வரை வந்து விட்டுவிட்டுப் போ. இப்போதைக்கு அது போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா